பாட் வாங்கும், சரி. பணம் எந்தப் படியில் தீரும்?

கேள்வி: வணக்கம் அக்கா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். வயது 31. போனஸ் காசும் சேமிப்புமாக 6,000 வெள்ளி போட்டு ஈத்தரியம் என்ற டிஜிட்டல் காயினுக்கு ஒரு டிசிஏ பாட் (விலை இறங்க இறங்கத் தானாக வாங்கும் நிரல்) ஓட்டினேன். பேஸ் ஆர்டர் (முதல் வாங்கல்) 100 வெள்ளி, சேஃப்டி ஆர்டர் (விலை இறங்கும்போது கூடுதலாக வாங்குவது) 100 வெள்ளி, விலை இறக்கம் 1 சதவீதம், மொத்தம் 7 சேஃப்டி ஆர்டர், வால்யூம் ஸ்கேல் (அடுத்த சேஃப்டி ஆர்டரின் தொகை எத்தனை மடங்கு) 2, ஸ்டெப் ஸ்கேல் (அடுத்த படியின் இடைவெளி எத்தனை மடங்கு) 1, டேக் ப்ராஃபிட் (சராசரிக்கு மேல் எவ்வளவு ஏறினால் விற்பது) 1 சதவீதம். ஆலையில் என்கூட வேலை செய்யும் அண்ணன் கொடுத்த செட்டிங் இது. இரண்டு மாதம் நன்றாக ஓடியது. 41 டீல் (வாங்கி விற்ற சுற்று) முடிந்து 130 வெள்ளி லாபம். அப்புறம் விலை இறங்கியது. ஐந்தாவது சேஃப்டி ஆர்டரோடு, பணம் போதவில்லை என்று காட்டி பாட் நின்றுவிட்டது. ஐந்து வாரமாக அப்படியே கிடக்கிறது. நான் முதலில் வாங்கிய விலையைவிட இன்று 16 சதவீதம் கீழே. ஈபிஎஃப் சேமநிதியின் அக்காவுன் ஃபிளெக்சிபலில் இருக்கும் 3,000 வெள்ளியை எடுத்து டாப்-அப் பண்ணு, சராசரி இறங்கிவிடும் என்கிறார் அண்ணன். செய்யலாமா? ஸ்கேல் எவ்வளவு வைப்பது சரி? மூன்று காயினுக்குப் பிரித்து ஓட்டினால் ஆபத்து குறையுமா? எங்கள் தோட்டத்தில் அடிக்கடி இணைய லைன் போகும். அப்போது பாட் என்ன ஆகும்?

பதில்: தம்பி, முதலில் டாப்-அப் விஷயம். செய்யாதீர்கள். மற்ற காரணங்களை அப்புறம் சொல்கிறேன், உடனடிக் காரணம் இது: உங்கள் பாட்டில் ஆறாவது சேஃப்டி ஆர்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதன் தொகை 3,200 வெள்ளி. உங்கள் கணக்கில் மீதி 2,800. அதனால்தான் நிற்கிறது. நீங்கள் 3,000 போட்டால் மீதி 5,800 ஆகும். பணம் வந்ததும் நின்றுபோன ஆர்டரை மறுபடி முயலும் பாட்கள் உண்டு. விலை அந்தப் படியைத் தாண்டி எப்போதோ இறங்கிவிட்டதால், காத்திருக்கவே காத்திருக்காது, அந்த நொடியே 3,200-க்கு வாங்கிவிடும். மிச்சம் 2,600. அடுத்த ஆர்டர் 6,400. மறுபடி அதே சிவப்பு எழுத்து. இந்த முறை ஈபிஎஃப் காசும் உள்ளே மாட்டியிருக்கும்.

இப்போது ஒரு 555 புத்தகத்தை எடுங்கள். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதேதான். போனில் கால்குலேட்டர் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். கையால் எழுதினால்தான் இந்தக் கணக்கு மண்டையில் ஏறும். பேஸ் 100. அதன் கீழே சேஃப்டி ஆர்டர்கள்: 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. கூட்டுங்கள். 12,800 வெள்ளி வரும். உங்கள் கையில் இருந்தது 6,000. அதாவது பாட்டை இயக்கிய முதல் நாளே அந்த செட்டிங்குக்குப் பாதிப் பணம்கூட இல்லை. விலை இறங்கியதால் அது நின்றுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விலை இறங்கினால் வாங்குவதற்காக வைத்த பாட், இறங்கியபோதே நின்றது என்றால் கோளாறு இந்தக் கூட்டலில்தான்.

இன்னொரு பக்கத்தில் விலையை எழுதுங்கள். முதல் வாங்கலை 100 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டெப் ஸ்கேல் 1 என்றால் படிகளுக்கு இடையே தூரம் மாறாது. 99, 98, 97, 96, 95, 94, 93. அவ்வளவுதான் உங்கள் ஏணி. 12,800 வெள்ளி முழுசாக இருந்திருந்தாலும் 7 சதவீத இறக்கத்தோடு தீர்ந்திருக்கும். ஈத்தரியத்துக்கு 7 சதவீதம் என்பது ஒரு நாள் சமாசாரம்.

அந்த அண்ணனைக் குறை சொல்ல வேண்டாம், இந்த செட்டிங்குக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக வாங்குவதால் சராசரி விலை, சந்தை விலையின் காலடியிலேயே கிடக்கும். உங்கள் ஐந்து ஆர்டரும் முடிந்தபோது போட்டது 3,200 வெள்ளி, சராசரி விலை 95.95. அப்போதைய சந்தை விலை 95. ஒரு சதவீதம் ஏறினால் முதல் கைக்கு வந்துவிடும், இன்னொரு சதவீதம் ஏறினால் லாபம். சந்தை மேலும் கீழும் லேசாக ஆடுகிற வரை இது பணம் காய்ச்சி மரம் மாதிரித் தெரியும். 41 டீல் அப்படி வந்ததுதான். நாலு நம்பர் எடுக்கிறவர்களில் சிலர், விழாவிட்டால் அடுத்த குலுக்கலில் இரட்டிப்பாகப் போடுவார்கள் பாருங்கள், அதே முறை. பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டுச் சூதாட்ட மேசைகளில் இதற்கு மார்ட்டிங்கேல் என்று பெயர். வால்யூம் ஸ்கேல் 2 என்று போட்டால் பாட் செய்வது அச்சு அசலாக அதுதான்.

டிசிஏ என்ற பெயரே இங்கே கொஞ்சம் ஏமாற்றுகிறது. டாலர் காஸ்ட் ஆவரேஜிங் என்றால் முதலில் இருந்த அர்த்தம் வேறு: மாதம் ஒரு தேதி, ஒரே தொகை, விலை ஏறினாலும் இறங்கினாலும் வாங்கு. காலம்தான் அங்கே கடிகாரம். நம் தாத்தா பாட்டிகள் இதைப் பெயர் தெரியாமலே செய்தவர்கள். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், சுங்கை சிப்புட் எம்.பி.யாக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டியவர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். யாரும் இந்த மாதம் இரட்டிப்பு, அடுத்த மாதம் நாலு மடங்கு என்று கட்டவில்லை. பாட் காலத்தைப் பார்ப்பதில்லை, விலையைப் பார்க்கிறது. இறங்க இறங்க வாங்கி, சராசரிக்கு மேல் ஒரு சதவீதம் கிடைத்ததும் மொத்தத்தையும் விற்றுவிடும். இரண்டும் ஒரே பெயரில் உலாவுவதால், டிசிஏ என்றால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பாட்டுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

சேஃப்டி ஆர்டர் என்ற பெயரையும் நீங்கள் சந்தேகிக்க வேண்டும். அதுவும் ஃபிட்டர் நீங்கள். உங்கள் ஆலையில் குலையை வேக வைக்கும் ஸ்டெரிலைசரில் ஆவி சுமார் 3 பார் வரை ஏறும். அளவு மீறினால் சேஃப்டி வால்வு திறந்து ஆவியை வெளியே தள்ளும், உள்ளே அழுத்தம் குறையும். சேஃப்டி ஆர்டர் என்ன செய்கிறது? அழுத்தம் கூடும்போது இன்னும் கொஞ்சம் ஆவியை உள்ளே விடுகிறது. ஒவ்வொரு ஆர்டரும் விழும்போது உங்கள் சராசரி இறங்குகிறது, உண்மை. கூடவே நீங்கள் தாங்கும் சுமை ஏறுகிறது. சில தளங்களில் இப்போது இதை ஆவரேஜிங் ஆர்டர் என்கிறார்கள். நல்ல மாற்றம்.

சரி, ஸ்கேல் எவ்வளவு வைப்பது? இதைக் கேட்கும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில், இந்தக் காயின் எவ்வளவு தூரம் விழும்வரை நான் வாங்கத் தயார்? இரண்டாவது, அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குகிறேன், அதில் எவ்வளவு போனாலும் வீட்டுச் செலவு ஓடும்? இந்த இரண்டுக்கும் பதில் வந்த பிறகு, ஸ்கேல் தானாக வந்து உட்காரும். மேலிருந்து கீழே செட்டிங் போடுகிறார்கள் எல்லோரும். கீழிருந்து மேலே போடுங்கள்.

உங்கள் 6,000-ஐ வைத்தே ஒரு ஏணி கட்டிக் காட்டுகிறேன். பேஸ் 200, முதல் சேஃப்டி 200, முதல் இறக்கம் 2 சதவீதம், ஸ்டெப் ஸ்கேல் 1.3, வால்யூம் ஸ்கேல் 1.2, மொத்தம் 8 சேஃப்டி ஆர்டர்.

ஸ்டெப் ஸ்கேல் 1.3 என்றால், ஒவ்வொரு படியின் இடைவெளியும் முந்தைய இடைவெளியைப் போல 1.3 மடங்கு. முதல் படி 2 சதவீதம், அடுத்த இடைவெளி 2.6, அப்புறம் 3.38, இப்படியே விரிந்து எட்டாவது இடைவெளி 12.55 ஆகும். கூட்டிப் பார்த்தால் படிகள் தொடக்க விலையிலிருந்து ஏறக்குறைய 2, 4.6, 8, 12.4, 18.1, 25.5, 35.2, 47.7 சதவீதம் கீழே நிற்கும். ஸ்கேல் 1 ஆகவே விட்டிருந்தால் அதே எட்டு ஆர்டர் 16 சதவீதத்தோடு முடிந்திருக்கும். ஆக ஸ்டெப் ஸ்கேலைக் கூட்டினால் ஒரு காசு கூடச் செலவில்லாமல் ஏணி நீளும். இதைத்தான் பலர் தொடுவதே இல்லை. எல்லோரும் திருகுவது வால்யூம் ஸ்கேலைத்தான்.

அந்த வால்யூம் ஸ்கேல் 1.2 என்றால் சேஃப்டி ஆர்டர்கள் 200, 240, 288 என்று ஏறி, எட்டாவது ஆர்டர் ஏறக்குறைய 717 வெள்ளி. பேஸும் சேர்த்து மொத்தம் 3,500. இதே எட்டு ஆர்டருக்கு ஸ்கேலை 1.5 ஆக்கிப் பாருங்கள்: 10,050 வெள்ளி தேவைப்படும். 2 ஆக்கினால்? 51,200. எழுத்துப் பிழை இல்லை தம்பி, ஐம்பத்தோராயிரத்து இருநூறுதான். 1.2-க்கும் 1.5-க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஒரு புள்ளிக்குப் பிறகு ஓர் எண். பெருக்கல் ஏழு முறை நடக்கும்போது அது மூன்று மடங்கு பணமாக மாறிவிடுகிறது. நீங்கள் 2-ஆ 1.5-ஆ என்ற யோசனையில் இருந்தால் என் பதில் இரண்டும் வேண்டாம் என்பதே. உங்கள் தொகைக்கு 1.1-இலிருந்து 1.3-க்குள் நில்லுங்கள்.

இந்த ஏணிக்கும் விலை உண்டு, மறைக்க மாட்டேன். படிகள் விரிந்து போவதால் சராசரி, சந்தை விலையை விட்டுக் கொஞ்சம் மேலேயே நிற்கும். நாலாவது ஆர்டர் 87.6-இல் விழும்போது உங்கள் சராசரி 93.4. முதல் கைக்கு வரவே 6.6 சதவீதம் ஏற வேண்டும். அண்ணனின் செட்டிங் மாதிரி வாரத்துக்கு ஐந்து டீல் முடியாது, சில டீல் மாதக் கணக்கில் இழுக்கும். எட்டு ஆர்டரும் விழுந்து விலை 52.3-இல் நிற்கிறது என்றால் சராசரி 72.5, உங்கள் 3,500-இன் மதிப்பு 2,525. கணக்கில் 975 வெள்ளி நஷ்டம், அதிலிருந்து மீள 38.6 சதவீத ஏற்றம் தேவை.

எதிர்ப்பக்கத்தில் வருமானம் என்ன? சேஃப்டி ஆர்டர் எதுவும் விழாமல் 1.5 சதவீத டேக் ப்ராஃபிட்டில் ஒரு டீல் முடிந்தால் 200 வெள்ளிக்கு 3 வெள்ளி. வாங்கும்போது 0.1, விற்கும்போது 0.1 சதவீதம் கட்டணம் என்று வைத்தால் 40 காசு போகும். கையில் 2 வெள்ளி 60 காசு, அதாவது ஒரு தே தாரிக். அந்த 975-ஐ ஈடுகட்ட இப்படி 375 தே தாரிக் வேண்டும். இது லாபமே வராது என்பதற்காகச் சொல்லவில்லை. 41 டீல் முடிந்தது என்று பாட் காட்டும் பச்சை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, திறந்து கிடக்கும் ஒரே ஒரு டீலின் சிவப்பு எண்ணைத் தனியாக வைத்துப் பேசுகிறோம் இல்லையா, அதற்காகச் சொன்னேன். உங்கள் கணக்கும் அப்படித்தான்: வந்தது 130, இன்றைய விலையில் கணக்கு நஷ்டம் ஏறக்குறைய 400.

நீங்கள் வைத்திருப்பது ஈத்தரியம் என்பதால் இன்னொன்று. 2021 நவம்பரில் 4,800 டாலரைத் தாண்டியிருந்த காயின் இது. 2022 ஜூனில் 900 டாலருக்கும் கீழே வந்தது. 100-லிருந்து 18. நான் மேலே கட்டிய 47.7 சதவீத ஏணிகூட அந்த மாதிரி வீழ்ச்சியில் பாதி வழியில் முடிந்துவிடும். அப்படியானால் ஏணியை 80 சதவீதம் வரை கட்டலாமா என்றால் கட்டலாம், ஆனால் மேல்படிகளில் போடும் தொகை சில்லறையாகிவிடும். எனவே ஒரு முடிவை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: கடைசிப் படிக்குக் கீழே ஸ்டாப் லாஸ் (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர்) வைத்து நஷ்டத்தோடு வெளியேறுவதா, அல்லது பாட்டை நிறுத்திவிட்டு வருஷக்கணக்கில் வைத்திருப்பதா? இரண்டில் எதுவும் தப்பில்லை. முடிவெடுக்காமல் இருப்பதுதான் உங்களை ஐந்து வாரமாகத் தூங்கவிடாமல் செய்கிறது. 975 வெள்ளி என்ற எண்ணே வயிற்றைக் கலக்குகிறது என்றால் பேஸையும் சேஃப்டியையும் 100 ஆக்குங்கள். எல்லாம் பாதியாகும், நஷ்டமும் பாதியாகும். ஸ்கேலைத் தொட வேண்டியதில்லை.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று நினைக்காதீர்கள். எம்சிஓ என்ற கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது நானும் பிட்காயினுக்கு ஒரு பாட் வைத்திருந்தேன். ஏழு ஆர்டர், 10 சதவீதத்துக்குள் நெருக்கி அடுக்கியது. நிதி ஆலோசகர் என்ற திமிர் வேறு. 2021 மே 19, இரவு. தோசைக் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருக்கிறேன், போன் அடித்தது, ஒரு ஆர்டர். திருப்பிப் போடுவதற்குள் இன்னொன்று. அன்றைக்கு பிட்காயின் 43,000 டாலர் அளவிலிருந்து 30,000 வரை ஒரே நாளில் இறங்கியது. என் ஏழு ஆர்டரும் எப்போதோ முடிந்து, விலை எனக்குக் கீழே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நான் பயன்படுத்திய தளமோ அந்த நேரம் பார்த்துத் திறக்கவே இல்லை. பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. தோசை கரிந்ததுதான் மிச்சம். அடுத்த நாள்தான் ஸ்டெப் ஸ்கேல் என்ற பெட்டியை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன்.

மூன்று காயினுக்குப் பிரிப்பது பற்றி. பிரித்தால் ஆபத்து பிரியும் என்பது வேறுவேறு காரணத்துக்காக ஏறி இறங்கும் பொருள்களுக்குப் பொருந்தும். பெரிய வீழ்ச்சி நாளில் காயின்கள் எல்லாம் கைகோத்துக்கொண்டுதான் விழுகின்றன. மூன்று டீலும் ஒரே ராத்திரியில் கீழ்ப்படிக்கு வரும். 3,500 வெள்ளி ஏணி மூன்று என்றால் 10,500 தேவை. பாட்டில் ஒரே நேரத்தில் எத்தனை டீல் என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் 3 என்று போடுவது மொத்தத் தேவையை மூன்றால் பெருக்குவது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் பாட் மறுப்பு சொல்லாது. உங்களுக்கு ஒரு காயின் போதும். அதிலும் பெரிய காயினாக இருக்கட்டும். சிறிய காயினில் சராசரி இறக்குவது வம்பு. 2022 மே மாதம் லூனா என்ற காயின் சில நாள்களிலேயே கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்குப் போனது. பூஜ்யத்துக்குப் போகிற பொருளின் சராசரியை எவ்வளவு இறக்கினால் என்ன? ஃபியூச்சர்ஸில், கடன் மடங்கு வைத்து இதே பாட்டை ஓட்டலாமா என்று அடுத்த கடிதம் எழுதிவிடாதீர்கள். அங்கே ஏணியின் கடைசிப் படிக்கு முன்பே உங்கள் கணக்கை மூடிவிடலாம்.

லைன் போவது பற்றிக் கேட்டீர்கள். அது பாட் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஏதாவது நிறுவனத்தின் செர்வரில் ஓடினால் தோட்டத்தில் லைன் போனாலும், கரண்டே போனாலும் அதற்குத் தெரியாது. உங்கள் போன் வெறும் கண்ணாடி ஜன்னல்தான். வீட்டு லேப்டாப்பில் நிரல் வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் விஷயம் வேறு. லைன் போனதும் பாட் செத்துவிடும், ஆனால் ஏற்கனவே சந்தையில் வைத்த ஆர்டர்கள் சாகாது. இதில்தான் சிக்கல்: ஒரு சேஃப்டி ஆர்டர் விழுந்திருக்கும், டேக் ப்ராஃபிட் ஆர்டரோ பழைய அளவிலும் பழைய விலையிலும் நிற்கும். லைன் வந்ததும் முதல் வேலையாக இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஷிஃப்டில் நிற்கிறவருக்கு அது ஆகாத காரியம். லேப்டாப் வேண்டாம்.

எந்தப் பரிமாற்றத் தளம் என்று நீங்கள் எழுதவில்லை. மலேசியாவில் 2019 ஜனவரி 15 முதல் டிஜிட்டல் காயின்கள் மூலதனச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. லூனோ, ஹாட்டா மாதிரி அதில் பதிந்த தளங்கள் சில இருக்கின்றன. பாட் நிறுவனங்கள் சேரும் வெளிநாட்டுத் தளங்கள் பல அந்தப் பட்டியலில் இல்லை. 2021 ஜூலையில் பைனான்ஸ் (Binance) என்ற வெளிநாட்டுத் தளத்தின் மீது கமிஷன் பகிரங்கமாக நடவடிக்கை எடுத்தது நினைவிருக்கும். கமிஷன் இணையப் பக்கத்தில் எச்சரிக்கைப் பட்டியல் உண்டு, அதில் உங்கள் தளத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர் இருந்தால் ஸ்கேல் பற்றிய இந்தப் பேச்செல்லாம் இரண்டாம் பட்சம், பணத்தை வெளியே எடுப்பதுதான் முதல் வேலை.

பாட் உங்கள் தளக் கணக்கில் வாங்கி விற்க ஏபிஐ கீ என்ற சாவியைக் கொடுத்திருப்பீர்கள், அதில் பணம் எடுக்கும் அனுமதி மூடியிருக்க வேண்டும். வாங்க, விற்க மட்டும் திறந்திருக்கட்டும். பாட் நிறுவனத்தின் ஐபி முகவரியிலிருந்து மட்டும் வேலை செய்யும்படி கட்டிவிடுங்கள். 2022 டிசம்பரில் த்ரீகாமாஸ் என்ற பாட் நிறுவனமே, பயனர்களின் ஏபிஐ கீகள் கசிந்துவிட்டன என்று ஒப்புக்கொண்டது. வரியைப் பொறுத்தவரை, தனி ஆள் எப்போதாவது வாங்கி விற்ற மூலதன லாபத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் பாட் மாதிரி ஓயாமல் வாங்கி விற்றால் வருமான வரி வாரியமான லெம்பாகா ஹாசில் அதை வியாபார வருமானமாகப் பார்க்க இடமுண்டு. வருஷக் கடைசியில் டீல் பட்டியலை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாட்டியிருக்கும் 3,200-க்கு வருவோம். விலை 84, உங்கள் சராசரி 95.95. மீதி 2,800-ஐயும் இன்றைக்கே மொத்தமாகப் போட்டால் சராசரி 90-க்கு வரும். முதல் கைக்கு 14 சதவீதம் ஏற வேண்டியது 7 சதவீதமாகக் குறையும். கேட்க இனிப்பாக இருக்கிறது, ஆனால் விலை 70-க்குப் போனால் கையில் ஒன்றும் இருக்காது. நானாக இருந்தால் முதலில் பாட்டில் அந்த டீலை நிறுத்தி, வாங்கிய காயினை அப்படியே வைத்துக்கொள்ளும் தேர்வை அழுத்துவேன். ரத்து செய் என்பதும் சந்தை விலையில் மூடு என்பதும் அடுத்தடுத்த பொத்தான்கள், நிதானமாகப் படித்துவிட்டு அழுத்துங்கள். இரண்டாவதை அழுத்தினால் 400 வெள்ளி நஷ்டம் அந்த இடத்திலேயே உறுதியாகிவிடும். அப்புறம் 2,800-இல் 1,300-ஐ வங்கிக்குத் திருப்பி அனுப்புவேன். மிச்சம் 1,500-ஐக் கையால் மூன்று லிமிட் ஆர்டராக (குறித்த விலை வந்தால் மட்டும் வாங்குவது) வைப்பேன்: 80-இல் 300, 72-இல் 500, 60-இல் 700. மூன்றும் விழுந்தால் சராசரி 84.4 ஆகும். விழாவிட்டால் பணம் கையில். 60-க்கும் கீழே போனால் நான் அதற்கு மேல் வாங்க மாட்டேன் என்று அதே 555 புத்தகத்தில் எழுதி, தேதி போட்டு, வீட்டில் மனைவியோ அம்மாவோ பார்க்கும் இடத்தில் வைத்துவிடுவேன். உங்களுக்கு அந்த 3,200 வெள்ளி ஆறு மாதத்துக்குள் தேவைப்படும் என்றால் இந்தத் திட்டம் வேண்டாம். இன்றைக்கே விற்று 400-ஐ விட்டுவிடுவதே மேல். உங்கள் வீட்டு நிலவரம் கடிதத்தில் இல்லை, ஆகவே அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஈபிஎஃப் காசு 2024-க்கு 6.30 சதவீத ஈவு வாங்கியது. 3,000 வெள்ளிக்கு வருஷம் 189 வெள்ளி, தூங்கும்போதே. அக்காவுன் ஃபிளெக்சிபலில் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது அதை எடுப்பதற்கான காரணம் ஆகாது.

புதிதாகத் தொடங்குவதானால் ஒரு மாதம் டெமோவில், அதாவது நிஜப் பணம் இல்லாமல், ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலான பாட்களில் அந்த வசதி உண்டு. டீல் முடிந்ததும் அடுத்த நொடியே மறுபடி வாங்காமல் சில மணி நேரம் பொறுக்கும் ஒரு பெட்டியும் இருக்கும். விலை மளமளவென்று ஏறிய பிறகு உச்சியில் போய் பாட் புது டீல் திறக்காமல் அது கொஞ்சம் தடுக்கும்.

அப்புறம், நாளைக்கு ஷிஃப்டில் அண்ணனைப் பார்த்தால் ஒன்று கேளுங்கள். அவருடைய பாட்டில் ஏழாவது ஆர்டர் எப்போதாவது விழுந்திருக்கிறதா, விழுந்த அன்று கணக்கில் 6,400 வெள்ளி இருந்ததா என்று.